நாயின் குடலில் பாக்டீரியா: கண்டறியும் முறைகள் – ஓர் அறிமுகம்

ஆண்டு மலருக்கு என்ன கட்டுரை தருகிறாய் என்று பொறுப்பாசிரியர் கேட்டார். "நாயின் மலம் பற்றி சார்" என்றேன். "மலருக்கு மலமா?" என்று ஸ்டாஃப் ரூமே சிரித்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற பையனுக்கு இந்த வேலை எதுக்கு என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். பி.டி. 100 சென்சாரும் வரும், ரிலேயும் வரும், ஆட்டோகிளேவும் வரும். முதலில் மணியின் கதை.

எங்கள் ஊர் கிணத்துக்கடவு. பொள்ளாச்சி ரோட்டில் போகிறவர்களுக்கு எங்கள் தக்காளி மார்க்கெட்டும் பொன்மலை வேலாயுதசாமி கோயிலும் தெரிந்திருக்கும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் தென்னந்தோப்பு, நடுநடுவே கறிக்கோழிப் பண்ணைகள். எங்கள் தோட்டத்துச் சாளையில் காவலுக்கு இருப்பது மணி. இரண்டு வயது நாட்டு நாய். பக்கத்துப் பண்ணையில் செத்த கோழிகளைப் போடும் குழி ஒன்று உண்டு. வேலியில் ஓட்டை இருக்கும் வரை மணிக்கு அதுதான் ஓட்டல்.

போன வருடம் ஒரு நாள் மணிக்குப் பேதி பிடித்துக்கொண்டது. தண்ணீராய், சளியாய், இரண்டாம் நாள் ஓரிரு சொட்டு ரத்தமும். "ஏஞ்சாமி, எனக்கு வகுத்தால போனப்போ டாக்டரு குடுத்த மாத்திரை நாலு மிச்சம் கெடக்குது, அதுல ஒண்ணு ரெண்டு குடுத்துப் பாக்கறது?" என்றார் அப்பாரு. மெட்ரோனிடசோல் மாத்திரை. கருப்பட்டியில் பொதிந்து இரண்டு நாள் கொடுத்தோம். நிற்கவில்லை. பிறகு நான் கீழே கிடந்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்து, டூவீலர் பெட்டியில் போட்டு, காலேஜ் முடிந்து சாயங்காலம் ஒரு லேபில் கொடுத்தேன். காலை 8 மணிக்கு எடுத்தது மாலை 5 மணி வரை வெயிலில் வெந்தது. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: 'ஈ. கோலை வளர்ச்சி காணப்பட்டது.'

கிருமி மாட்டிவிட்டது என்ற சந்தோஷத்தில் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "தம்பி, இதே ரிப்போர்ட் உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். ஈ. கோலை இல்லாத நாய்க் குடல் ஏதுங்க?" என்றார். கூடவே ஒன்று கேட்டார்: "இது இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. இதுதான் பண்ணுச்சுன்னு யாருங்க சொன்னாங்க?"

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

1885-இல் தியோடர் எஷெரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். அவர் பெயரால்தான் அது எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை ஆனது. மனிதர், நாய், மாடு என்று எல்லோருடைய குடலிலும் அது குடியிருக்கிறது. நாயின் குடலில் இன்னும் பலர் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற வித்துருவாகும் பாக்டீரியா நன்றாக ஓடியாடும் நாய்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும். காம்பிலோபாக்டர் பல ஆரோக்கியமான நாய்களில், அதிலும் குட்டிகளில், இருக்கும். சால்மொனெல்லா கூட எந்த நோயும் காட்டாமல் வந்து போகும். ஆக, சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவர்கள்! வீட்டில் இருந்தார் என்பதற்காக ஒருவரைத் திருடன் என்று சொல்ல முடியுமா?

பெரிய பெரிய விஞ்ஞானிகளே இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். அதே 1885 வாக்கில் அமெரிக்காவில் பன்றிகளைக் கொன்று குவித்த 'பன்றிக் காலரா'வை டேனியல் சால்மன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய உதவியாளர் தியோபால்ட் ஸ்மித்தும் ஆராய்ந்தார்கள். செத்த பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, இதுதான் காரணம் என்று அறிவித்தார்கள். 1903-இல் டி ஷ்வைனிட்ஸ், டார்செட் என்ற இருவர், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியைத் தாண்டி வந்த திரவமும் அந்த நோயைத் தருகிறது என்று காட்டினார்கள். உண்மையான காரணம் வைரஸ். பாக்டீரியா கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்த ஆள்தான். ஆனாலும் சால்மன் பெயர் சால்மொனெல்லா என்று நிலைத்துவிட்டது. அந்த வகைக்கு 'காலரே சூயிஸ்', அதாவது பன்றிக் காலரா, என்ற பெயரே இன்றும் இருக்கிறது.

நம் நாட்டிலும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் உண்டு. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அந்தக் கிருமி எப்படி ஆளைத் தண்ணீராக வற்ற வைக்கிறது என்பது பல பத்தாண்டுகள் புரியவில்லை. அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற மருத்துவர், முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டி அதற்குள் கிருமி வளர்ந்த, ஆனால் கிருமி நீக்கப்பட்ட, திரவத்தைச் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சு என்று 1959-இல் அவர் வெளியிட்டார். அதிலிருந்துதான் 'எந்தக் கிருமி இருக்கிறது' என்பதோடு 'அது நச்சைச் சுரக்கிறதா' என்று கேட்கும் வழக்கம் குடல் நோய்களில் வலுப்பெற்றது. இன்று நாய்களுக்கும் அதே கேள்விதான். கிளாஸ்ட்ரிடியம் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் குறைவு. 'நெட் எஃப்' என்ற நச்சுக்கான மரபணு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது, திடீரென்று ரத்தப்பேதி கண்ட நாய்க்கு ஓரளவு பொருள் தரும். ஸ்லைடில் கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துக்களை எண்ணுவது ஒரு காலத்தில் வழக்கம். எண்ணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று பிறகு தெரிந்தது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். முதல் பாடம் சாம்பிள். நான் செய்தது எல்லாமே தப்பு. ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். தரையில் கிடந்து காய்ந்ததை எடுக்கக் கூடாது. புதியதாக, முடிந்தால் ஆசனவாயிலிருந்தே பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டும். உடனே லேப் போக முடியாவிட்டால் கேரி-பிளேர் என்ற குழைவான ஊடகத்தில் குச்சியைச் செருகி வைக்கலாம். அதில் கிருமிக்குத் தீனி கிடையாது. எனவே எதுவும் பெருகாது, காயாது, பெரும்பாலும் சாகவும் செய்யாது. ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாகக் கொண்டு போகலாம், உறைய விடக் கூடாது. வெயிலில் ஒன்பது மணி நேரம் வெந்த என் சாம்பிளில் மென்மையான கிருமிகள் செத்து, முரட்டு ஈ. கோலை பெருகியிருக்கும். மெட்ரோனிடசோல் காற்றில்லாமல் வாழும் கிருமிகளைத்தான் முக்கியமாகத் தாக்கும், ஈ. கோலையைத் தொடாது. ஆக, அந்த ரிப்போர்ட் என்ன சொல்லும் என்பது சாம்பிளைக் கவரில் போட்டபோதே முடிவாகிவிட்டது. லேபைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது வளர்ப்பு. மெக்கான்கி அகார் என்ற தட்டு எல்லா லேபிலும் இருக்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் மெக்கான்கி உருவாக்கியது. இதைப் பார்த்தபோது எனக்கு நம் லாஜிக் கேட் ஞாபகம்தான் வந்தது. பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் குடலில் பிழைக்கத் தெரியாத பல பாக்டீரியாக்களை வெளியே நிறுத்திவிடும். உள்ளே வந்தவர்களுக்கு லாக்டோஸ் சர்க்கரை வைத்திருக்கும். லாக்டோஸைத் தின்று அமிலம் விடுகிறவர், நியூட்ரல் ரெட் என்ற காட்டியால் இளஞ்சிவப்பாக மாறுவார். ஈ. கோலை இந்த ரகம். சால்மொனெல்லா லாக்டோஸைத் தொடாது, நிறமில்லாமல் நிற்கும். ஆனால் நூறு ஈ. கோலைக்கு நடுவே ஒரு சால்மொனெல்லா இருந்தால் கண்ணுக்குப் படாது. அதற்காக மலத்தை முதலில் செலினைட் குழம்பில் ஓர் இரவு வைப்பார்கள். ஈ. கோலை அதில் அடங்கிக் கிடக்கும், சால்மொனெல்லா பெருகும். மறுநாள் எக்ஸ்.எல்.டி. தட்டில் தேய்த்தால் சிவப்புக் குமிழ், நடுவில் கறுப்புப் பொட்டு. ஹைட்ரஜன் சல்பைடு தரும் கறுப்பு அது. புரோட்டியஸ் என்ற இன்னொருவரும் சில சமயம் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார். யூரியேஸ் சோதனையில் அவர் மாட்டிக்கொள்வார். கடைசியில் ஆன்டிசீரம் வைத்து உறுதி செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு நாள். இந்தக் குழம்பு வேலையைச் செய்யாமல் நேரே மெக்கான்கியில் தேய்த்துவிட்டு 'சால்மொனெல்லா இல்லை' என்று எழுதினால், அதற்கு 'தேடவில்லை' என்றுதான் அர்த்தம்.

இப்போது நம் டிபார்ட்மென்ட் விஷயம். காம்பிலோபாக்டர் கோழியின் குடலில் சுகமாக வாழ்கிற கிருமி. கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி செல்சியஸ். எனவே காம்பிலோபாக்டர் ஜெஜுனியை வளர்க்க இன்குபேட்டரை 42-இல் வைப்பார்கள், மற்ற குடல் கிருமிகள் பல அந்தச் சூட்டில் பின்தங்கும். காற்றும் நம் காற்றாக இருக்கக் கூடாது. ஆக்சிஜன் 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10, மீதி நைட்ரஜன். ஜாடிக்குள் மெழுகுவத்தி கொளுத்தி மூடுகிற பழைய முறை ஒன்று உண்டு. மெழுகுவத்தி அணையும்போதும் உள்ளே ஆக்சிஜன் 16, 17 சதவீதம் இருக்கும், அது இந்தக் கிருமிக்கு அதிகம். 48 முதல் 72 மணி நேரம் இதே நிலையில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு சிறிய இன்குபேட்டர். பி.டி. 100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும். 37 டிகிரியில் 114.38 ஓம், 42 டிகிரியில் 116.31 ஓம். இரண்டுக்கும் வித்தியாசம் 2 ஓம் கூட இல்லை! நாங்கள் முதலில் இரண்டு ஒயர் இணைப்புதான் கொடுத்தோம். நீளமான மெல்லிய ஒயர், துருப்பிடித்த டெர்மினல், எல்லாம் சேர்ந்து 1 ஓம் கூடியது. டிஸ்ப்ளே 42 என்று பளிச்சென்று எரிந்தது. உள்ளே பாதரச தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 39½. மூன்று ஒயராக மாற்றி, ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கழிந்து போகும்படி பிரிட்ஜ் போட்ட பிறகுதான் சரியானது. வெறும் ஆன்-ஆஃப் ரிலேயில் வெப்பம் மேலும் கீழும் ஒன்றரை டிகிரி ஆடியது. பி.ஐ.டி. போட்டு அதை அரை டிகிரிக்குள் கொண்டு வந்தோம். டிஸ்ப்ளேவை நம்பி ஒரு லேப் 39½-இல் தட்டுகளை வைத்திருந்தால், கூட்டத்தில் காம்பிலோபாக்டர் அமுங்கிப் போய் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போயிருக்கலாம். ஒரு ஓமுக்கு இவ்வளவு விலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாய்களில் அதிகம் காணப்படும் காம்பிலோபாக்டர், ஜெஜுனி அல்ல. அப்சாலியென்சிஸ் என்ற தம்பி. 1980-களில் சுவீடனின் அப்சாலா நகரில் நாய்களிடமிருந்து பிரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். வேண்டாதவர்களைத் தடுக்க ஊடகத்தில் சேர்க்கும் சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இவரையும் கொன்றுவிடும். எனவே மனிதருக்கான முறையை அப்படியே நாய்க்குச் செய்தால் இவர் இருந்தும் தெரியமாட்டார். இவரை வளர்க்க நுண்துளைச் சவ்வு வழியாக நீந்தி வரச் செய்கிற முறை தனியாக உண்டு.

பி.சி.ஆர். பற்றி எல்லோரும் கொரோனா காலத்தில் கேள்விப்பட்டீர்கள். 30 சுற்றில் ஒரு டி.என்.ஏ. துண்டு கணக்குப்படி 107 கோடி ஆகும். வேகம், நுட்பம் எல்லாம் உண்மை. ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதற்கு டி.என்.ஏ.தான். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்றும் பொதுவாக அது சொல்லாது. அதற்கு உயிரோடு வளர்ந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, சுற்றிலும் விழும் வெற்று வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். அளந்த பிறகு தட்டுகளைக் குப்பையில் போடக் கூடாது. ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரியில், குறைந்தது 15 நிமிடம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு கணக்கு: உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் பிரஷர் கேஜ் 15 காட்டும், வெப்பம் 121-ஐத் தொடாது. ஏன்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. குட்டி நாய் வாந்தியும் ரத்தப்பேதியுமாகக் கிடந்தால் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டு நான்கு நாள் உட்காரக் கூடாது. முதல் சந்தேகம் பார்வோ வைரஸ். 1978-இல் உலகெங்கும் பரவிய நோய், இந்தியாவிலும் 1980-களின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. கிட் வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அந்தக் குட்டியின் மலத்தைக் கல்ச்சர் செய்தாலும் ஈ. கோலைதான் வளரும்! தடுப்பூசி போடாத குட்டி, 'ஈ. கோலை' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும்போதே செத்துப்போகும். பன்றிக் காலரா கதையேதான்.

பேதி கண்ட எல்லா நாய்க்கும் இத்தனை பரிசோதனை தேவையா? தேவையில்லை. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர்கள் 2011-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, ரத்தப்பேதியோடு ரத்தத்தில் நச்சேறிய அறிகுறி இருந்தாலோ, ஒரே இடத்தில் பல நாய்களுக்கு வந்தாலோ, பல நாய்கள் கூடும் இடத்துக்குப் போய் வந்த பிறகு வந்தாலோ பரிசோதிக்கச் சொல்கிறது. சாதாரணப் பேதி பெரும்பாலும் தண்ணீரும் எளிய உணவும் கொடுத்தாலே சில நாட்களில் நிற்கும். தேவையில்லாமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2016 முதல் 2018 தொடக்கம் வரை அமெரிக்காவில் கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து காம்பிலோபாக்டர் தொற்றி 18 மாநிலங்களில் 118 பேர் நோயுற்றார்கள். கிருமி பல மருந்துகளுக்கு அடங்காதது. விசாரித்த 149 குட்டிகளில் 142-க்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் நோயே இல்லாமல், முன்னெச்சரிக்கையாக மட்டும். இதைப் படித்தபோது எனக்கு அப்பாருவின் கருப்பட்டிதான் ஞாபகம் வந்தது.

மணிக்கு டாக்டர் எந்த ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கஞ்சியும் போதும் என்றார். அந்த வாரத்திலேயே அக்காவின் மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சலும் பேதியும் வந்துவிட்டது. மணிக்கு இட்லி ஊட்டிவிட்டு அதே கையால் சாப்பிடுகிறவன். அவனை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அக்கா யாரோடும் பேசவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் "இப்போ எடுக்கலாம் தம்பி" என்று தன் கையாலேயே சாம்பிள் எடுத்து, கேரி-பிளேரில் செருகி, மூன்று உறை போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் சால்மொனெல்லா.

"அப்போ மணிதானுங்க பையனுக்குக் குடுத்துச்சு?" என்று அக்கா கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பையனின் மலத்தை ஆஸ்பத்திரியில் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. அனுப்பி அதுவும் சால்மொனெல்லா என்றே வந்திருந்தாலும், இரண்டும் ஒரே வகையா என்று மரபணு வரிசை பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அப்போதும் நாயிடமிருந்து பையனுக்கா, இருவருக்கும் வேறெங்கிருந்தோவா என்பது தனிக் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்கறி வேறு. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "உன் படிப்பு எதையுமே உறுதியாச் சொல்லாதா?" என்றாள். பையன் நலமாக வீடு வந்திருந்தான், அதனால் கோபமில்லாமல்தான் கேட்டாள்.

பண்ணைக்காரரிடம் அப்பாரு பேசினார். குழியை ஆழமாக்கி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். நானும் அப்பாவும் வேலியில் கோழிவலை அடித்தோம். சாளை வாசலில் சோப்பும் தண்ணீர்க் குடமும் வைத்தாகிவிட்டது. மணிக்குப் பேதி அதற்கு முன்பே நின்றிருந்தது. ஆனால் நாய் குணமான பிறகும் சால்மொனெல்லா பல வாரம் மலத்தில் விட்டுவிட்டு வரும். ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது. மூன்று வாரம் கழித்து எடுத்ததில் வரவில்லை. அடுத்த வாரம் எடுத்ததிலும் வரவில்லை. மூன்றாவது எடுக்கப் பஞ்சுக் குச்சியோடு போனேன். மணி என்னைப் பார்த்ததும் வாலை இடுக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டது. இன்னும் பிடிபடவில்லை.